விமான இன்ஜினுக்கு அரசும் பாதிப் பங்கு போடட்டும்: பெருங்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா.

மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடியில் குடியிருக்கிறேன். டீசல் பம்பு சர்வீஸும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் சர்வீஸும்தான் தொழில். பழங்காநத்தத்தில் பஸ் ஸ்டாண்டு இருந்த காலத்தில் அங்கே ஒரு கடையில் கையாளாகச் சேர்ந்தேன். வேலை பழகி, அப்புறம் சொந்தக் கடை வைத்து, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. லாரி, பஸ், டிராக்டர், போர்வெல் வண்டி என்று டீசல் குடிக்கிற எல்லாமே எங்கள் மேஜைக்கு வந்து போயிருக்கிறது. விமானத்தில் மூன்று தடவைதான் ஏறியிருக்கிறேன். ஆனாலும் விமான இன்ஜினைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது.

கேட்பது ஒன்றுதான். குறைவாக எரிபொருள் குடித்து, குறைவாகக் கழிவு விடுகிற விமான இன்ஜின் தொழில்நுட்பத்தை நம் நாட்டிலேயே உருவாக்க, ஒன்றிய அரசு தனியாக ஒரு திட்டம் போட வேண்டும். போர் விமானத்துக்கு இல்லை, சனங்கள் ஏறுகிற விமானத்துக்கு. செலவில் நிறுவனம் பாதி, அரசு பாதி. வருடா வருடம் கணக்கு வெளியே வர வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் பாதியில் விடாமல் நடக்க வேண்டும்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதை எனக்குத் தெரிந்த வேலையிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் கடையில் நாசில் டெஸ்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஒரு கைப்பிடி, ஒரு பிரஷர் கேஜ், மேலே டெஸ்ட் ஆயில் ஊற்ற ஒரு கிண்ணம், அவ்வளவுதான். லாரியிலிருந்து கழற்றிய, நாசில் பூட்டிய இன்ஜெக்டரை அதில் மாட்டிக் கைப்பிடியை அமுக்கினால் கேஜில் முள் மெல்ல மெல்ல ஏறும். அழுத்தம் இருநூறு பார் சுமாருக்கு வந்ததும் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். நல்ல நாசில் என்றால் மார்கழிப் பனி மாதிரி ஒரு புகைமூட்டம்தான் கிளம்பும், சொட்டே தெரியாது. அதற்கு முன்னால் கையை நீட்டக் கூடாது. அந்த வேகத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவதே அதைத்தான். கெட்ட நாசில் என்றால் ஒரு பக்கமாகக் கோடு இழுத்த மாதிரி வரும். கைப்பிடியை விட்ட பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நிற்கும். நான்கு வழிச்சாலையில் உங்களுக்கு முன்னால் கரும்புகையாகப் போவது அந்தச் சொட்டுதான். “மைலேஜ் விழுந்துருச்சுண்ணே” என்று டிரைவர் வந்து நிற்பதும் அந்தச் சொட்டினால்தான்.

ஆகவே காற்றைக் கெடுக்காமல் இருப்பதும் காசை மிச்சம் பிடிப்பதும் வேறு வேறு வேலை என்று நான் நினைத்ததே இல்லை. நாசிலைச் சரி செய்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

ஆனால் எல்லா நேரமும் அப்படி வராது என்பதையும் இதே தொழில்தான் சொல்லிக்கொடுத்தது. பம்பு டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சுகிற நேரத்தை, கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் வண்டி நன்றாக இழுக்கும், மைலேஜும் கூடும். அப்படி வைத்துத் தரச் சொல்லி வருகிற டிரைவர்கள் அநேகம். ஆனால் சிலிண்டருக்குள் சூடு கூடிவிடும். சூடு ஓர் அளவைத் தாண்டினால், சும்மா வந்து போக வேண்டிய காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகி வெளியே போகும். கரும்புகையாவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. மூச்சுக்குத்தான் தெரியும். மைலேஜை ஏற்றும்போதே இதையும் இறக்குவதுதான் இன்ஜின் செய்கிறவர்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி.

விமான இன்ஜினிலும் அதே தலைவலி இருக்கிறது என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. உள்ளே அழுத்தமும் சூடும் ஏற ஏற எரிபொருள் மிச்சமாகும். ஆனால் அதே சூட்டில் நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும். அப்படியானால் எரிபொருளும் காற்றும் எரிவதற்கு முன்பே நன்றாகக் கலந்துவிட வேண்டும். எங்கேயும் கொழுத்த கலவை தேங்கி நின்று அதிகச் சூட்டில் எரியக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், நாசிலும் அதைச் சுற்றிக் காற்று சுழல்கிற விதமும்தான் தீர்மானிக்கின்றன.

இதை அமெரிக்கா எப்படிச் செய்தது என்று பாருங்கள் ஐயா. அங்கே விமானப் போக்குவரத்தைக் கவனிக்கிற அரசு அமைப்பு 2010இல் ‘கிளீன்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் போயிங், ஜெனரல் எலெக்ட்ரிக், ஹனிவெல், பிராட் அண்ட் விட்னி, ரோல்ஸ் ராய்ஸ் என ஐந்து நிறுவனங்கள். நிபந்தனை எளிது: அரசு ஒரு டாலர் போட்டால் நிறுவனம் குறைந்தது ஒரு டாலர் போட வேண்டும். இலக்கும் முதலிலேயே எண்ணாகச் சொல்லப்பட்டது. எரிபொருள் 33 சதவீதம் குறைய வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு அப்போதைய சர்வதேச வரம்புக்கு 60 சதவீதம் கீழே வர வேண்டும். சத்தமும் இத்தனை டெசிபல் குறைய வேண்டும். அந்தப் பணத்தில் முழுமை பெற்ற வேலைகளில் ஒன்றுதான் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் புதிய எரியறை. எரிபொருளையும் காற்றையும் முன்கூட்டியே சுழற்றிக் கலந்து எரிக்கிற அமைப்பு அது. நைட்ரஜன் ஆக்சைடுக்கு வைத்த இலக்கை அது எட்டியது. 2016இல் லீப் இன்ஜினோடு அது வானத்துக்கும் வந்துவிட்டது. இன்று நம் நாட்டில் பறக்கிற ஏ320 நியோ விமானங்களிலேயே பலவற்றில் இருப்பது அந்த இன்ஜின்தான்.

அந்த லீப் இன்ஜினின் நாசில் படத்தை என் மகள் போனில் காட்டினாள். முன்பு இருபது துண்டுகளாகச் செய்து பற்றவைத்ததை, உலோகத் தூளை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக ஒரே துண்டாக வார்த்திருக்கிறார்கள். எடை கால் பங்கு குறைந்திருக்கிறது. உள்ளே எரிபொருள் போகிற வழிகள் வளைந்து நெளிந்து போகின்றன. டிரில் போட்டு அப்படி ஒரு வழியை யாராலும் செய்ய முடியாது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று ராத்திரி சாப்பிடக்கூட மறந்துவிட்டது.

அமெரிக்காவில் இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. 1973இல் எண்ணெய் விலை தலைக்கு மேல் ஏறியதைத் தொடர்ந்து நாசா ‘எரிபொருள் மிச்சம் பிடிக்கிற இன்ஜின்’ என்ற திட்டத்தில் பணம் போட்டது. அதில் பிறந்த, காற்றை அழுத்துகிற கம்ப்ரஸர் 1995இல் போயிங் 777 விமானத்தின் ஜி.இ.90 இன்ஜினில் வந்தது. போட்ட பணம் பலன் தர இருபது வருடம். முன்னால் இருக்கிற விசிறிக்கும் அதைச் சுழற்றுகிற டர்பைனுக்கும் நடுவில் கியர் வைக்கிற யோசனையிலும் நாசாவின் ஆராய்ச்சி இருக்கிறது. பிராட் அண்ட் விட்னி நிறுவனம் அதற்காக இருபது வருடம் உழைத்து சுமார் ஆயிரம் கோடி டாலர் செலவழித்தது என்கிறார்கள். ஐரோப்பா 2008இல் ‘கிளீன் ஸ்கை’ என்று 160 கோடி யூரோவில் தொடங்கியது. அங்கேயும் பாதி அரசு, பாதி தொழில்துறை.

இருபது வருடம் கழித்து வரப்போகிற லாபத்துக்கு எந்தக் கம்பெனி தனியாகக் காசு போடும்? எந்த பேங்க் கடன் கொடுக்கும்? அதனால்தான் அங்கெல்லாம் அரசு பக்கத்தில் நிற்கிறது.

நம் பக்கமும் முயற்சி இல்லாமல் இல்லை. காவேரி இன்ஜினைச் சொல்கிறேன். தேஜஸ் போர் விமானத்துக்காக 1989இல் 382.81 கோடி ரூபாயில் அனுமதி தந்தார்கள். பெங்களூரில் உள்ள எரிவாயு டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. செலவு 2,000 கோடியைத் தாண்டியது. வேண்டிய உந்துவிசை வரவில்லை, எடை கூடிப்போனது. 2008இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் இன்றைக்கும் அமெரிக்க இன்ஜினில்தான் பறக்கிறது. இதை வைத்து ‘நமக்கு இன்ஜின் வராது’ என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மற்ற நாடுகள் பத்து இன்ஜினில் கற்றுக்கொண்டதை ஒரே இன்ஜினில் கற்றுக்கொள்ளச் சொன்னோம். அதை உயரத்தில் பறக்கிற நிலையில் சோதிக்க இங்கே வசதி இல்லாமல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோனோம். 2010இல் ஒரு பெரிய இல்யூஷின் விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டுப் பார்த்ததும் அங்கேதான். பம்பைக் கழற்றி ஒவ்வொரு தடவையும் கோயம்புத்தூருக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணி வாங்க வேண்டும் என்றால் என் கடை ஒரு மாதம் ஓடாது. இன்ஜின் ஆராய்ச்சி மட்டும் எப்படி ஓடும்?

காவேரியில் கற்றது வீணாகவும் போகவில்லை. டர்பைன் பிளேடையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஜெட் இன்ஜினில் பிளேடைத் தொட்டுப் போகிற வாயுவின் சூடு, அந்த பிளேடு செய்த உலோகமே உருகிவிடுகிற சூட்டைவிட அதிகம். அப்படியும் உருகாமல் நிற்கிறது என்றால் இரண்டு காரணம். உலோகத்தை ஒரே படிகமாக வார்க்கிறார்கள். அப்புறம் பிளேடுக்குள் நுண்ணிய துளைகள் போட்டு, அதன் வழியாகக் குளிர்ந்த காற்றை விட்டு, பிளேடின் மேல் ஒரு போர்வை மாதிரி பரவச் செய்கிறார்கள். அந்த ஒற்றைப் படிக வார்ப்பை ஹைதராபாத்தில் நம் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் கைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2021இல் ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக 60 பிளேடுகளை, விமானம் செய்கிற அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.இடம் ஒப்படைத்தார்கள். துளை போடுகிற வேலை மின்பொறியால் அரிக்கிற வேலை. டீசல் நாசிலின் நுனித் துளையும் அதே முறையில்தான் போடப்படுகிறது. தலைமுடி கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலான துளையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பொறுமைக்கு உதாரணம் வேண்டும் என்றால் மதுரையிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால் போதும். வள்ளியூர் தாண்டிப் பணகுடி வரும்போது மேற்கே மகேந்திரகிரி தெரியும். ராக்கெட் இன்ஜின்களை இஸ்ரோ எரித்துப் பார்க்கிற இடம். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடுகிற கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பத்தைத் தர ஒப்புக்கொண்ட ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993இல் பின்வாங்கியது. அடுத்த வருடமே நாமே செய்வதென்று இறங்கினோம். 2010 ஏப்ரலில் நம் இன்ஜினோடு போன முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. யாரும் கடையைச் சாத்தவில்லை. 2014 ஜனவரி 5ஆம் தேதி அது ஜெயித்தது. இங்கேயும் கணக்கு இருபது வருடம்தான். ராக்கெட்டுக்குக் கொடுத்த அந்தப் பொறுமையில் ஒரு பங்கைப் பயணிகள் விமான இன்ஜினுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வலையங்குளம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். விடியற்காலம் மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போகிறவர். இந்த மடலைப் பற்றி அவரிடம் சொன்னேன். “ஏன் தம்பி, பிளேன் இன்ஜினுக்கு எதுக்கு கவர்மென்ட் காசு? ஏறுறவன் குடுக்கட்டும்” என்றார். நியாயமான கேள்வி. ஓடுபாதையை 12,500 அடிக்கு நீட்டுவதற்காக இந்தப் பக்கத்து நிலங்களை எடுத்திருக்கிறார்கள். சின்ன உடைப்பு என்ற ஊர்க்காரர்கள் மாற்று இடமும் வீடும் கேட்டு 2024 நவம்பரில் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதற்கு முழுப் பதில் கிடைக்காமல் விமானத்துக்குக் காசு என்று பேசினால் யாருக்கும் கோபம் வரும். அவர்களுக்குச் செய்ய வேண்டியதை முதலில் செய்யுங்கள். அதையும் இந்த மடலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஓடுபாதை நீளப்போகிறது, பெரிய விமானங்கள் வரப்போகின்றன. அது விடுகிற காற்றை மூச்சிழுக்கப் போவது அவரும் நானும் நம் பேரப் பிள்ளைகளும். அதில் ஏறப்போகிறவர்களும் பணக்காரர்கள் மட்டும் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கையிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கொத்தனாராக, டிரைவராகப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! நம் விமான நிறுவனங்களின் செலவில் எரிபொருள் மட்டும் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். அந்தப் பிள்ளை வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிற டிக்கெட் காசில் அதுவும் சேர்ந்துதான் இருக்கிறது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியே வருகிறது. மழை தப்பிப்போகிற வருடத்தில் மல்லிகை என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொன்னேன். 2023இல் மட்டும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இன்ஜின் வைத்தால் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டாயிரம் இன்ஜின் வாங்குகிற வீடு, அதில் ஒன்றைக்கூடச் சொந்தமாக வடிவமைத்ததில்லை. அதே 2023இல் கியர் வைத்த இன்ஜினின் உலோகத் தூளில் குறை இருப்பது தெரியவந்தபோது, ஒரே நிறுவனத்தில் எழுபது விமானங்களுக்கு மேல் தரையில் நிற்க வேண்டி வந்தது. பழுது பார்க்கவும் மாற்று இன்ஜினுக்கும் வெளிநாட்டின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தோம். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப எழுது” என்றார்.

மனதில் உள்ள ஒரு தயக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சிக்கனமானால் டிக்கெட் மலியும், டிக்கெட் மலிந்தால் இன்னும் நிறையப் பேர் பறப்பார்கள், மொத்தப் புகை குறையாமலே போகலாம். உண்மைதான். அதனால் ரயில் போகிற இடத்துக்கு ரயில்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. சென்னைக்கு நான் இன்றைக்கும் வைகை எக்ஸ்பிரஸில்தான் போகிறேன். துபாய்க்குத் தண்டவாளம் இல்லையே. பறந்தே ஆக வேண்டியவர்களுக்கு நல்ல இன்ஜின் வேண்டும்.

மாற்று எரிபொருளில் நீங்கள் எடுத்துவரும் முயற்சிகளைப் படிக்கிறேன், சந்தோஷம். டேராடூனில் உள்ள பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் பறந்தது. வெளிநாடு போகிற விமானங்களில் மாற்று எரிபொருளை 2027இல் 1 சதவீதம், 2028இல் 2 சதவீதம், 2030இல் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று இலக்கும் வைத்திருக்கிறீர்கள். மதுரையில் ராத்திரி முழுக்கப் புரோட்டாக் கடை நடக்கிறது. வடைச் சட்டியில் மிஞ்சுகிற எண்ணெய்க்கும் ஒரு நல்ல வழி பிறக்கட்டும். ஆனால் நல்ல டீசலை ஊற்றினாலும் நாசில் சொட்டினால் புகைதான். அந்த எரிபொருளின் விலையும் சாதாரண எரிபொருளைவிடப் பல மடங்கு. குறைவாகக் குடிக்கிற இன்ஜின் இருந்தால்தான் அதைக் கட்டுப்படியாகும் விலையில் ஊற்ற முடியும்.

சட்டம் போட்டால் போதாதா என்றும் கேட்கலாம். ரோட்டில் அது வேலை செய்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற வண்டிப் புகை வரம்பு நாடு முழுக்க ஒரே நாளில் வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. இருநூறு பாரில் பீய்ச்சிய பழைய நாசில்களின் இடத்தில் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் இரண்டாயிரம் பார் வரை அழுத்தத்தில் டீசல் கொடுக்கிற காமன் ரெயில் பரவியது. எனக்கும் என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் அது லேசான காலம் இல்லை. புது டெஸ்ட் பெஞ்ச் வாங்கக் கடன் பட்டேன். இன்னும் தவணை கட்டுகிறேன். ஆனாலும் இன்று ஒரு புது பஸ்ஸின் பின்னால் மூக்கை மூடாமல் நிற்க முடிகிறதே, அதற்காக அந்தக் கடனைத் திட்ட மனம் வரவில்லை. அங்கே சட்டம் பலித்ததற்குக் காரணம், லாரி இன்ஜின் செய்கிற தொழிற்சாலைகள் நம் நாட்டில் இருந்தன. விமான இன்ஜினுக்கு யாரைப் பார்த்துச் சட்டம் போடுவீர்கள்? முதலில் செய்கிறவர்கள் வேண்டும்.

2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சிக்கான திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெரிய மனது. ஆனால் அது பெரும்பாலும் நீண்ட காலக் கடனாகவும் முதலீடாகவும் போகிற பணம். ஆய்வுக்கூடத்தில் ஓரளவு நிரூபித்த வேலைகளுக்குத்தான் அது கிடைக்கும். ஓர் எரியறையை முப்பது தடவை உடைத்து முப்பத்தோராவது தடவை சரி செய்கிற வேலைக்குக் கடன் வாங்க யாருக்கும் துணிவு வராது. அதற்கு மானியம்தான் வேண்டும். ‘கிளீன்’ மாதிரி பாதிப் பங்கு.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், முழு இன்ஜினில் தொடங்க வேண்டாம் என்பேன். காவேரி அதைக் கற்றுத்தந்துவிட்டது. எழுபது பேர் ஏறுகிற ஏ.டி.ஆர். மாதிரி புரொப்பெல்லர் விமானத்தின் இன்ஜின் அளவுக்கு ஓர் எரியறை, அதற்கு நாசில்கள், அதற்குப் பிறகு டர்பைன் பிளேடுகள் என்று துண்டு துண்டாக எடுங்கள். சின்ன ஊர்களை இணைக்கிற உடான் திட்டத்தில் அதிகம் பறப்பதும் அந்த அளவு விமானம்தான். மதுரையிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிற ஏ.டி.ஆரின் சத்தத்தை எங்கள் மொட்டை மாடியில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அதன் இன்ஜின் கனடாவில் செய்தது. அந்த இன்ஜினில் ஒரு நாசிலாவது ஒரு நாள் இந்த மண்ணில் செய்ததாக இருக்கட்டும் என்பது என் ஆசை.

சென்னை ஐ.ஐ.டி.யில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. 1959இல் தொடங்கிய தேசிய வான்வெளி ஆய்வகம் பெங்களூரில் இருக்கிறது. ஆட்கள் இல்லாமல் இல்லை. அதிக அழுத்தத்தில், அதிகச் சூட்டில், மணிக்கணக்காக எரித்துப் பார்க்கிற பொதுச் சோதனைக் கூடங்கள்தான் போதாது. அவற்றைக் கட்டுங்கள். கட்டிவிட்டுப் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறக்காதீர்கள். கப்பலூரிலும் கே.புதூரிலும் உள்ள சிட்கோ பட்டறைக்காரர் ஒரு சின்னத் துண்டைச் செய்துகொண்டு போனாலும், உரிய கட்டணத்தில் சோதித்துச் சான்று வாங்கி வர முடிய வேண்டும். எங்கள் பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் விமானத்துக்கான ஒரு சின்ன பாகத்துக்கு முயற்சி செய்தார். பாகத்தைச் செய்ய ஆனதைவிடத் தரச்சான்றுக்கு ஆன செலவு அதிகம். இரண்டு வருடம் இழுத்துவிட்டுத் திரும்பவும் பம்ப்செட் பாகத்துக்கே போய்விட்டார்.

இந்த இடத்தில் தமிழ்நாடு அரசின் தொழில் துறைக்கும் ஒரு வார்த்தை. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குச் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். திருச்சிக்குத் தெற்கே ஒரு ஊரும் இல்லை. எங்கள் கடையில் லீவு நாட்களில் வேலை பழகிய ஒரு பையன், ஆசைப்பட்டு ஏரோநாட்டிக்கல் படித்தான். நாசில் டெஸ்டரில் ஸ்ப்ரே கோணத்தைப் போனில் படம் எடுத்து, கோடு போட்டு அளந்து, நோட்டில் எழுதி வைக்கிற பையன். அந்த நோட்டு இன்னும் கடையில் இருக்கிறது. படித்து முடித்து ஒன்றரை வருடம் வேலை தேடினான். இப்போது சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் காப்பீட்டுக் கணக்குக்கு நிரல் எழுதுகிறான். நன்றாகத்தான் இருக்கிறான், நல்ல சம்பளம். ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் முதலில் கடைக்கு வந்து டெஸ்டர் பக்கத்தில்தான் நிற்பான். அவனைப் போன்றவர்களுக்கு மதுரையைச் சுற்றி ஒரு இடம் வேண்டும்.

கடைசியாக, வருடா வருடம் கணக்கு. எரிபொருள் எத்தனை சதவீதம் குறைந்தது, நைட்ரஜன் ஆக்சைடு எத்தனை, சத்தம் எத்தனை, செலவு எத்தனை என்று நான்கு எண். தோற்றுப்போன சோதனைகளையும் சேர்த்தே போடுங்கள். காவேரியின் தாமதத்தைத் தணிக்கை அறிக்கை வழியாகத்தான் சனங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முன்பே சொல்லியிருந்தால் இத்தனை கசப்பு வந்திருக்காது. முடியாததை முடியவில்லை என்று சொல்கிற மெக்கானிக்கிடம்தான் டிரைவர் திரும்ப வருவார்.

மதுரைக்கு வேலையாக வரும்போது ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள் ஐயா. விமான நிலையத்திலிருந்து என் கடை அவ்வளவு தூரம் இல்லை. இரண்டு நாசில் எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று நல்லது, ஒன்று சொட்டுவது. டெஸ்டர் கைப்பிடியை உங்கள் கையாலேயே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்பு மெக்கானிக் ஒருவன்,
பெருங்குடி, மதுரை.